ஆடியில் எண்ணிய வண்டிகள்

வண்டியை அணைக்கலாமா வேண்டாமா என்பதுதான் இப்போதைய கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம், மற்றது என்றால் அக்கா, முகூர்த்தம், மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் சனம், சட்டைப்பையில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கும் நெற்றிப்பட்டம், எல்லாம் அப்புறம், முதலில் இந்தச் சாவி. சென்னியப்பனின் கை சாவி வரைக்கும் போவதும் சூடு பட்டாற்போலத் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வதுமாக இருந்தது. பெட்ரோல் முள் எப்போதோ படுத்துவிட்டது. அதன் பக்கத்தில் குட்டி பங்க் படம் போட்ட மஞ்சள் விளக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே எரிந்தது, அப்போது அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தான், இப்போது அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. நின்ற இடத்தில் ஓடும் என்ஜின் சும்மா ஓடுவதில்லை, குடித்துக்கொண்டேதான் ஓடும், இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவன்தான் ஊருக்கெல்லாம் சொல்லித்தந்தவன். சிக்னலில் நின்றால் அணை. இருபது வருஷமாக அணைக்கிறான். மனைவி வசந்தாமணிகூட, இவர் தூங்கும்போது மூச்சையும் அணைத்து வைத்தால்தான் நிம்மதிப்படுவார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சரி, அணைத்துவிடலாம். ஆனால் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையே. டிக் டிக்கென்று பல்லி மாதிரி சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது, அப்புறம் என்ன நினைத்ததோ, உறுமிக் கிளம்பியது. இங்கே அணைத்து, மறுபடி அது பல்லி மாதிரி கத்தினால்? அணைக்காமல் இருந்து, பெட்ரோல் தீர்ந்து, தானாக நின்றால்? அணைத்தால் ஒரு பயம், அணைக்காவிட்டால் ஒரு பயம், இரண்டு பயத்துக்கும் நடுவில் கை போய்ப் போய் வந்தது. அணைக்கக்கூடாது என்று ஒரு வழியாக முடிவு செய்தான். முடிவு செய்த பிறகும் கை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

தை பிறந்தும் பனி விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே எல்லா வண்டியின் பின்பக்கமும் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு மேளக்காரர் வேன், கூரையில் தவில் உறைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவர்களும் எங்கேயோ வாசிக்கப் போக வேண்டியவர்கள்தானே, அவர்கள் பதறாமல் டீ பிளாஸ்க்கைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் வராமல் கல்யாணம் நின்றால் இன்னொரு செட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். தாய்மாமன் வராவிட்டால்? இன்னொரு தாய்மாமனுக்கும் சொல்லிவிடுவார்கள். பெரியப்பா மகன் தங்கமுத்து ராத்திரியே வந்து மண்டபத்தில் முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முழுக்கைச் சட்டை, மோதிரம், எதற்கும் தயார் என்ற முகம். கைக்காவலாக ஒரு பட்டம்கூட வாங்கி வைத்திருப்பான், சொல்ல முடியாது. கார்த்திகையில் அக்கா மகள் கீர்த்தனாவுக்கு நிச்சயம், உப்புச்சக்கரை மாற்றும் சாயங்காலம், சென்னியப்பன் வரவேண்டிய இடத்தில் தங்கமுத்துதான் உட்கார்ந்து தட்டு மாற்றினான். அன்றைக்கு சென்னியப்பன் எங்கே இருந்தான்? இங்கேதான் இருந்தான். இதே செங்காட்டுப் பிரிவில், இதோ இந்தக் கம்பத்துக்குக் கீழே, புது சிக்னல் வெள்ளோட்டம் என்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். மத்தியானம் முடிந்துவிடும் என்றார்கள், விளக்கு இருட்டும்வரை மாற்றி மாற்றி எரிந்தது. அக்கா அதற்காகச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போன வாரம் போனில் ஈஸ்வரியக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், அவளுக்கு அப்பா இல்லை தம்பி, மாமனும் இல்லைன்னு சபையில பேச வெச்சுராத. அவ்வளவுதான், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாள். அதற்குத்தான் ராத்திரியே வந்து மண்டபத்தில் படுத்தான். விடியற்காலை குளித்து வேட்டி கட்டிப் பையைத் தடவினால் பட்டம் இல்லை. வீட்டில் சாமி படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கேயே விட்டிருக்கிறான். அவனே வாங்கி, அவனே மறந்து, அவனே எடுக்கப் போய், இப்போது அவனே திரும்பி வர முடியாமல் உட்கார்ந்திருக்கிறான், யாரைக் குறை சொல்வது. தாலிக்கு முன்னால் மாமன் பட்டம் கட்ட வேண்டும். பட்டம் கட்டினால்தான் அவள் மணையில் உட்காருவாள்.

மண்டபம் தெரிந்தது. அதுதான் கொடுமை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், எதிர்வரிசை ரோட்டைத் தாண்டினால் மண்டபத்தின் வாசல். கீர்த்தனா பேரைப் பூவால் எழுதி வைத்திருந்ததை இங்கிருந்தே எழுத்துக்கூட்டிப் படித்தான். அதற்குப் பக்கத்து இடம் பெட்ரோல் பங்க். அதையும் பார்க்கலாம், ஆசை தீரப் பார்க்கலாம், போகத்தான் முடியாது. முன்பு இங்கே நடுச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது, பங்குக்கும் மண்டபத்துக்கும் நேராகத் திரும்பலாம். அதைத் தாண்டி, நாற்சந்தியின் நடுவில் ஒரு ரவுண்டானா, அதில் ஒரு வாகை மரம், வண்டிகள் மரத்தைச் சுற்றி நின்று நின்று ஊர்ந்து போகும். சென்னியப்பனின் ஆலோசனை நிறுவனத்துக்கு இந்தச் சந்திப்பைச் சீர்செய்யும் வேலை வந்தபோது அவனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை, சொந்தக் காரியமாகத் தெரிந்தது. ஒரு வண்டி நின்று கிளம்பினால் ஒரு மடக்குப் பெட்ரோல் போச்சு, நிற்காமல் ஓடினால் அந்த மடக்கு மிச்சம். இத்தனை வண்டி, இத்தனை மடக்கு, வருஷத்துக்கு இத்தனை லாரி நிறையப் பெட்ரோல் என்று அறிக்கையில் எழுதினான். கூட்டத்தில் அதைப் படிக்கும்போது அவன் குரலே தழுதழுத்தது, அவனுக்கே வெட்கமாக இருந்தது. ரவுண்டானாவை எடு, மரத்தை எடு, திறப்புகளை மூடு, வலதுபக்கம் திரும்ப வேண்டியவர்கள் நேராகப் போய் ஒரு பர்லாங் தள்ளி யூ டர்ன் எடுத்து வரட்டும், வண்டி வந்து சேரும் நேரத்துக்குக் கணக்காகச் சிக்னல் பச்சை விழும், சந்திப்பில் யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம். பங்குக்காரர் வந்து கெஞ்சினார். திறப்பை மூடிவிட்டால் என் கடைக்கு யார் சார் வருவார்கள் என்றார். பெட்ரோல் வேண்டியவன் சுற்றிக்கொண்டு வருவான் என்று சென்னியப்பன் சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான், டீ கூட வாங்கிக் கொடுத்தான். இப்போது பங்கில் ஒரு ஆளும் இல்லை, பையன்கள் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கம் நிற்கிற வண்டிகளை வேடிக்கை பார்த்தார்கள். பெட்ரோல் வேண்டியவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், சுற்றிக்கொண்டு வருவதற்குப் பெட்ரோல் வேண்டுமே.

பச்சை விழுந்தது. யாரும் அசையவில்லை. பச்சை போய்ச் சிவப்பு விழுந்தது. அதற்கும் யாரும் அசையவில்லை. விளக்கு பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, கேட்பாரில்லாத வாத்தியார் மாதிரி. ஏன் அசையவில்லை? மார்கழி முதல் தேதி திறந்தார்கள், மார்கழி முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடியதே. ஒரு நாள் வேண்டுமென்றே வசந்தாமணியை உட்காரவைத்து நாலு பக்கமும் ஓட்டிக் காட்டினானே, பிரேக்கில் கால் வைக்கவில்லை பார்த்தாயா என்றானே. சால்வை போர்த்தினார்களே. இன்றைக்கு மட்டும் என்ன? விபத்தோ? லாரி ஏதும் படுத்துவிட்டதோ? கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். பனிக்குள் தூரத்தில் யூ டர்ன் வாயில் ஒரு பஸ் குறுக்காக நின்றது, ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் முன்னால் போய்ப் பின்னால் வந்து மறுபடி முன்னால் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடியில் மணமகன் மணமகள் பெயர் ஒட்டிய பஸ். அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், அதிலும் பெயர் ஒட்டியிருந்தது, வேறு நிறத் தாளில். அதற்குப் பின்னால் பூச்சுற்றிய கார். பெரிய பெரிய சீர்த்தட்டு வைத்த டெம்போ. வாழைமரம் கட்டிய வாசல் அந்தப் பக்கம் ஒன்றல்ல, மூன்று, மூன்று மண்டபமும் அந்தப் பக்கம்தான், ஊரிலிருந்து வருகிற அத்தனை பேரும் இந்தப் பக்கம்தான், அத்தனை பேரும் அந்த ஒற்றை வாயில் போய்த் திரும்பித்தான் வரவேண்டும். முகூர்த்த நாள். தையின் முதல் முகூர்த்தம். இதை எப்படி விட்டார்கள், எத்தனை வண்டி வரும் என்று எண்ணினார்களே, நாலு மூலையிலும் ஆள் போட்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, ஒரு வாரம் முழுக்க எண்ணினார்களே. பண்டிகை இல்லாத, மழை இல்லாத, பள்ளிக்கூடம் நடக்கிற சாதாரண வாரமாகப் பார்த்து எண்ணவேண்டும் என்பது விதி. அவன்தான் வாரத்தைத் தேர்ந்தெடுத்தான். நல்ல காற்று, மூலையில் நின்றவர்களின் தாள்கள் பறந்தன, அவன் கல் எடுத்து வைத்தான். ஆடிக்காற்று. ஆடி. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? அவனுடைய கல்யாணத்தையே ஆடி வந்துவிட்டது என்று ஆவணிக்குத் தள்ளினார்கள், அந்த ஒரு மாசம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று வசந்தாமணியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். மூன்று மண்டபத்துக்கும் பூட்டுப் போட்டிருந்த மாசத்தில் உட்கார்ந்து வண்டி எண்ணியிருக்கிறான். எண்ணி, கூட்டி, பெருக்கி, வரைந்து, அதைக் கொண்டுபோய் மார்கழியில் திறந்திருக்கிறார்கள். மார்கழியிலும் எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை என்றால் வேறு யாருக்குத் தோன்றும், இந்த மண்ணில் பிறந்து, இந்தச் சோற்றைத் தின்று, மாமன் மச்சான் என்று வாழ்கிறவனுக்குத் தாளில் எழுதும்போது மட்டும் ஊரே மறந்துபோகிறது. சாதாரண வாரமாம்.

இன்னொரு பயம் வந்தது, முகூர்த்தப் பயம் இல்லை, அது வேறு, இது வருஷம் வருஷமாக நீளுகிற பயம். தை, மாசி, பங்குனி, வைகாசி, ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இங்கே இப்படித்தான் நிற்பார்கள், புகைவார்கள், யாராவது ஒரு மாப்பிள்ளை, யாராவது ஒரு மாமன், வண்டிக்குள் உட்கார்ந்து யார்டா இதைப் போட்டவன் என்று கேட்பான். லாரி நிறைய மிச்சம் பிடித்தாயே, அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது பார், அதோ அந்த பஸ்ஸின் அடியில், இதோ மேளக்காரர் வேனின் பின்னால். எண்ணாதே. ஆனால் எண்ணினான், மேளக்காரர் வேனுக்கு இவ்வளவு, டெம்போவுக்கு இவ்வளவு, ஆயுசுப் பழக்கம் விடுமா. மஞ்சள் விளக்கு எரிந்தது. கீர்த்தனா குழந்தையாக இருக்கும்போது காரில் முன்சீட்டில் உட்கார்ந்து அந்த விளக்கைத்தான் கேட்பாள், மாமா இது எப்ப எரியும் என்று. எரியவே விடமாட்டேன் கண்ணு என்பான். அப்போதெல்லாம் விட்டதில்லை. அவளுடைய அப்பா போன பிறகு அந்த வீட்டுக்குப் போவதே குறைந்துவிட்டது, வேலை வேலை என்று, எந்த வேலை, இந்த வேலைதான். போன் அடித்தது. வசந்தாமணி. சத்தம் காதைப் பிளந்தது, பின்னால் நாதசுரம், குழந்தைகள், யாரோ சொம்பு கேட்கிறார்கள். எங்கே இருக்கிறீர்கள், பொண்ணை வரச்சொல்லி மேடையிலிருந்து ஆள் வந்தாயிற்று என்றாள். அவன் சிக்னலில்தான் நிற்கிறேன், மண்டபம் தெரிகிறது, வாசலில் பேர் தெரிகிறது என்றான். அக்காவிடம் நான் என்ன சொல்லட்டும் என்று வசந்தாமணி கேட்டாள். வந்துவிடுவேன் என்று சொல், இல்லை, வேண்டாம், இப்படிச் சொல், இல்லை, எதுவும் சொல்லாதே என்று அவன் திணறிக்கொண்டிருந்தபோது போனுக்குள் எல்லாச் சத்தமும் திடீரென்று தெளிவாகக் கேட்டது, தவில்காரர் வார் இழுப்பதுகூடக் கேட்டது. ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு கணம் யோசித்தான். வண்டி அமைதியாக இருந்தது. கை அணைத்துவிட்டிருந்தது. இருபது வருஷத்துக் கை, அவன் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்க, சிக்னல் சிவப்பாக இருக்கிறதே என்று தன் பாட்டுக்குப் போய் அணைத்துவிட்டது.

சாவியைத் திருப்பினான். டிக். மறுபடி திருப்பினான். டிக் டிக். சாமியை வேண்டிக்கொண்டு திருப்பினான், அதற்கும் டிக்தான். இப்போது பார்த்து முன்னால் மேளக்காரர் வேன் அசைந்தது, பஸ் ஒரு வழியாகத் திரும்பியிருக்க வேண்டும், வேனுக்கும் அவனுக்கும் நடுவில் ரோடு வெறுமையாக விரிந்தது, பின்னாலிருந்து ஆரன் பொரிந்து தள்ளியது. இறங்கினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். பின்னால் நின்ற மினி லாரிக்காரர் இறங்கி வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே கூடத் தள்ளினார், இரண்டு பேருமாக வண்டியைச் சந்திப்புக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்டிருந்த முக்கோணத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்த வண்டியும் நுழையக்கூடாது என்று அவன் போடச்சொன்ன கோடு. மினி லாரிக்காரர் அவன் நெற்றித் திருநீறையும் வேட்டியையும் பார்த்து, கல்யாணமா, ஓடுங்க, ஓடுங்க என்றார். ஓடினான். நடுச்சுவர் மேல் இடுப்புயரக் கம்பி. ஓரிடத்தில் சனங்கள் இரண்டு கம்பியை வளைத்து ஆள் நுழையுமளவு வழி செய்திருந்தார்கள், போன மாசம் வந்து பார்த்தபோது கோபப்பட்டு நிமிர்த்தச் சொல்லிவிட்டுப் போனான், நல்லவேளை மறுபடி வளைத்திருந்தார்கள். வேட்டிக் கரை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நுழைந்து அந்தப் பக்கம் நின்றான். அதற்கு மேல் கால் நகரவில்லை. எதிர்வரிசை ஓடிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஓடியது, அப்படித்தானே வரைந்தான், பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற லாரி எதற்காகவும் நிற்கவேண்டாம் என்று. நடந்து கடப்பவர்களுக்கு விளக்கு இல்லை. அறிக்கையில் இருந்தது, முதல் வரைவில் இருந்தது, அவன்தான் எடுத்தான். நடக்கிறவன் பெட்ரோல் எரிப்பதில்லை, ஆகையால் அவனுடைய கணக்கில் நடக்கிறவன் யாருமில்லை. ஒரு லாரி, ஒரு பஸ், காற்று முகத்தில் அறைந்தது. கால் வைத்தான், எடுத்தான். பக்கத்தில் ஒரு பூக்காரப் பெண்ணும் கூடையோடு நின்றாள். தெனமும் இப்பிடித்தானுங்க, பொறுத்துத்தான் போவோணும் என்றாள். பொறுக்க அவனிடம் என்ன இருக்கிறது. பையைத் தொட்டுப் பார்த்தான், பட்டம் இருந்தது. மண்டபத்திலிருந்து மேளம் மாறிக் கேட்டது, பொண்ணை அழைத்து வரும்போது வாசிக்கிற மேளம், தங்கமுத்து எழுந்து நின்றிருப்பான், சட்டைக்கையை இழுத்து விட்டுக்கொண்டிருப்பான். போய்விட்டது என்று நினைத்தான். அப்படியே, அந்த வார்த்தையிலேயே நினைத்தான். கண்ணில் நீர் முட்டியது, பனியா புகையா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்போது வாசலில் பேர் எழுதிய பூவுக்குக் கீழிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். ரோட்டோரத்தில் நிற்பாள் என்று பார்த்தான், நிற்கவில்லை. இன்னொரு கையை உயர்த்திக்கொண்டு ரோட்டுக்குள் இறங்கிவிட்டாள். அக்கா, வேண்டாம் என்று கத்தினான், அவனுக்கே கேட்கவில்லை. சிமெண்ட் லாரி ஒன்று கிறீச்சிட்டு ஆடி நின்றது. அதற்குப் பின்னால் பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பக்கத்தில் கார்கள் நின்றன, தூரம் வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றது. ஈஸ்வரியக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோவில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி நேராக நடந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"தங்கமுத்து பட்டத்தக் கையில எடுத்துட்டான்" என்றாள். "என்ற தம்பி ரோட்டுல நிக்கறான், என்ற கண்ணுக்குத் தெரியறான், கீழ வையின்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். நட."

அவன் நடந்தான். பூக்காரப் பெண்ணும் கூடவே ஓடி வந்தாள். இரண்டு பக்கமும் என்ஜின்கள் உறுமிக்கொண்டு நின்றன, நின்ற இடத்தில் குடித்துக்கொண்டு நின்றன, அவனுக்காக. சிமெண்ட் லாரிக்கு இவ்வளவு என்று மனசு ஆரம்பித்தது, அக்காவின் விரல்கள் இறுகின, எதுவரை எண்ணினோம் என்று மறந்துபோயிற்று. அக்கா, இந்த ரோட்டை, என்று ஏதோ சொல்லத் தொடங்கினான்.

"தெரியும்டா. என்ற தம்பி போட்ட ரோடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவளே நாந்தான். இன்னிக்கு மட்டும் மாப்பிள வீட்டுக்காரங்க கேட்டா வாயத் தொறக்காத. அவுங்க சனம் பாதி இன்னும் அந்தப் பக்கந்தான் நிக்குது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியது. வாசலில் வசந்தாமணி கிழிந்த வேட்டிக் கரையைப் பார்த்துவிட்டு மடிப்பை இழுத்து மறைத்துவிட்டாள். உள்ளே சனம் விலகி வழிவிட்டது. மணைக்குப் பக்கத்தில் கீர்த்தனா தலை குனிந்து நின்றிருந்தாள், நெற்றி வெறுமையாக இருந்தது. மேடை ஏறிய பிறகும் அக்கா அவன் கையை விடவில்லை. பட்டம் கட்ட அந்தக் கை வேண்டும் என்று அவன்தான் மெல்லச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.